லாச்சப்பலில் யார் வந்தான் வரத்தான்?

நான் லாச்சப்பலுக்குப் போனதில்லை. இனிப் போவேனா என்றும் தெரியாது. கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற, வங்கியில் காசு இல்லாத ஒரு ஆளைப் பார்த்து இரக்கப்படுகிற தூதரகம் இன்னும் திறக்கப்படவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் குசினியில் பாரிஸ் கடைப் பெயர் போட்ட பிளாஸ்ரிக் பை ஒன்று எப்போதும் தொங்கும். அம்மா அதற்குள் மற்றப் பைகளை அடைஞ்சு வைப்பா. அந்தப் பையில் தமிழில் கடைப் பெயர், கீழே பிரெஞ்சில் முகவரி. நான் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் வெளிநாட்டு வீதி அதுதான்.

இதை எழுத வைத்தது மாமா. அம்மாவின் தம்பி, 1991இல் போனவர். போன மாதம் வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "எங்கட லாச்சப்பல் இப்ப முந்தி மாதிரி இல்லை பிள்ளை. கண்ட கண்ட வந்தான் வரத்தான் எல்லாம் வந்து நாறடிச்சுப் போட்டாங்கள்."

வந்தான் வரத்தான். ஊரில் இந்தச் சொல்லை யார் யாருக்குச் சொல்லுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காணி வாங்கி வந்து குடியேறினவைக்கு, இடம்பெயர்ந்து வந்து திரும்பிப் போகாதவைக்கு, கோயில் நிர்வாகத்தில் கதிரை கேட்கிற புது ஆக்களுக்கு. பாரிஸில் ஒரு அகதி இன்னொரு அகதியைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. மாமா கெட்ட மனிசன் இல்லை. எனக்குக் கம்பஸுக்கு லப்டொப் வாங்கித் தந்தவர். அதனாலதான் அந்தச் சொல் போகாமல் மண்டைக்குள்ளேயே நின்றது.

அன்றைக்கு இரவு கூகுள் வரைபடத்தைத் திறந்து, அந்த மஞ்சள் பொம்மையைத் தூக்கி லாச்சப்பலில் விட்டேன். ஒரு டேட்டா கார்ட் முடியும் மட்டும் நடந்தேன். கடைப் பலகைகள் எல்லாம் தெளிவாக வாசிக்கலாம். சேலைக் கடை, நகைக் கடை, மரக்கறிப் பெட்டிகள், சலூன், உணவகம். மனிசரின் முகங்களை மட்டும் கூகுள் மங்கலாக்கி வைத்திருக்கிறது. கடைவாசலில் நிற்பவர் எங்கள் ஆளா, வங்காளியா, சோமாலியரா என்று சொல்ல ஏலாது. மாமா பார்க்கிற வீதிக்கும் நான் பார்த்த வீதிக்கும் இருக்கிற வித்தியாசம் அதுதான் என்று பிறகுதான் விளங்கியது.

முதலில் ஒரு பெயர்ப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். நாங்கள் லாச்சப்பல் என்று சொல்லுகிற வீதிக்கு லாச்சப்பல் என்று பெயரே இல்லை. அது மெற்றோ நிலையத்தின் பெயர். கடைகள் இருப்பது ஃபோபூர் சென் தெனி என்ற வீதியின் வடக்கு முனையிலும், அதை ஒட்டிய காய், பெர்தொனே, லூயி பிளான் போன்ற சின்ன வீதிகளிலும். நகரத்தின் பத்தாம் வட்டாரத்தில். உண்மையான லாச்சப்பல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பதினெட்டாம் வட்டாரத்தில் இருக்கிறது. 1860 வரை அது பாரிஸோடு சேராத தனி ஊர். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுங்க மதில் இருந்தது. நகரத்துக்குள் வருகிற சாமானுக்கு அங்கே வரி கட்ட வேண்டும், அதனால் மதிலுக்கு வெளியே வைன் மலிவு. மதிலை இடித்த இடத்தில் அகலமான வீதி வந்தது. 1903இல் அந்த வீதிக்கு மேலால் தூண்களில் மெற்றோ ஓடத் தொடங்கியது. ஆக, எங்கள் சனம் இறங்குகிற அந்த நிலையம் நிற்பது பழைய நகரவாசலில். உள்ளுக்கும் இல்லை, வெளியிலும் இல்லை.

ஃபோபூர் என்ற சொல்லுக்கும் பொருள் அதுதான், மதிலுக்கு வெளியே வளர்ந்த குடியிருப்பு. வீதியின் தெற்கு முனையில் ஒரு பெரிய வெற்றி வளைவு நிற்கிறது. பதினான்காம் லூயி மன்னனின் போர் வெற்றிகளுக்காக 1672இல் கட்டியது. அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். இதே வழியில் இன்னும் வடக்கே போனால் சென் தெனி தேவாலயம் வரும். வெட்டப்பட்ட தன் தலையைத் தானே கையில் ஏந்திக்கொண்டு நடந்தவர் என்று ஐதீகம் சொல்லுகிற புனிதருக்கு எழுப்பிய தேவாலயம். பிரான்சின் அரசர்களை அடக்கம் செய்தது அங்கேதான். செத்த அரசர்களின் பெட்டி இந்தப் பாதையால்தான் போனது.

பாதி வழியில் சென் லசார் என்று ஒரு இடம். நடுக்காலத்தில் அது தொழுநோயாளர் விடுதி. நகரத்துக்குள் விடப்படாதவர்களை வைத்திருந்த இடம். 1632இல் அது வின்சென்ட் தி போல் குருவானவரின் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு இந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. பங்குகளில் ஏழைகளுக்கு அரிசி மா கொடுக்கிற சபை அவர் பெயரில் இயங்குகிறது. பஸ்தில் சிறையை உடைப்பதற்கு முதல் நாள், 1789 ஜூலை 13இல், பசித்த சனம் இந்த மடத்தை உடைத்துத் தானியத்தை எடுத்தது. புரட்சிக் காலத்தில் அது சிறை. பிறகு நீண்ட காலம் பெண்கள் சிறை. தொழுநோயாளர், ஏழைகள், கைதிகள், பிறகு அகதிகள். அரசர் போன வீதிதான், இருந்தது யார் என்று பாருங்கோ.

எமில் ஸோலா 1877இல் வெளியிட்ட 'லசொமுவார்' நாவல் தொடங்குவது இந்தச் சுங்க மதிலை ஒட்டிய ஒரு மலிவான விடுதியில். ஜெர்வேஸ் என்ற பெண் தெற்குப் பிரான்சில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு பாரிஸுக்கு வந்து, யன்னலில் நின்று, இரவு வராத காதலனுக்காகக் காத்திருக்கிறாள். விடியத் தொடங்க, தொழிலாளர் கூட்டம் கூட்டமாக நகரத்துக்குள் இறங்குகிறது. அவள் செய்கிற வேலை உடுப்புத் தோய்க்கிறது. நூறு வருசம் கழித்து அதே இடத்துக்கு வந்த எங்கள் பெடியள் கோப்பை கழுவினார்கள். தண்ணிக்குள் கை ஊறிப்போகிற வேலை யாருக்கு என்பதை அந்த நகரம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது போல.

இப்போது சனம் வந்த வரிசையைப் பாருங்கள். 1846இல் வடக்கு ரயில் நிலையம் திறந்தது. மூன்று வருடம் கழித்துப் பக்கத்திலேயே கிழக்கு ரயில் நிலையம். 1871இல் ஜெர்மனி அல்சாஸைப் பிடித்ததும் அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள் கிழக்கு நிலையத்தைச் சுற்றிப் பியர்க் கடைகளைத் திறந்தார்கள். 1970களில் துருக்கியர்களும் குர்தியரும் தைப்பு வேலைக்கு வந்தார்கள். 1980இல் தைப்புப் பட்டறைகளில் விசா இல்லாமல் வேலை செய்த துருக்கித் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்துதான் பத்திரம் பெற்றார்கள். அதே காலத்தில், வீதியின் தெற்குப் பக்கம் இருக்கிற பிரடி என்ற பழைய மூடுவழிச் சந்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. தொடக்கி வைத்தவர்கள் புதுச்சேரித் தமிழர். பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், கடவுச்சீட்டோடு விமானத்தில் வந்து இறங்கினவர்கள். எங்களைப் போல இல்லை. இதைச் சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது, ஆனால் அந்த வீதியில் முதல் தோசை சுட்டது யாழ்ப்பாணத்தான் இல்லை.

நாங்கள் ஏன் அங்கே போனோம்? இதற்கு 'விதி' என்று பதில் சொல்லுகிறவர்கள் உண்டு. பதில் ரயில்தான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வெளிக்கிட்ட பலருக்கு இலக்கு லண்டன். மொழி தெரியும், தெரிந்த ஆக்கள் இருந்தார்கள். 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. கதவு சாத்துப்பட்டது. லண்டனுக்குப் போக வேண்டுமென்றால் பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தில் இருந்து கலே துறைமுகத்துக்கு ரயில் எடுக்க வேண்டும். மாமாவின் ஏஜென்சிக்காரனும் லண்டன் என்று சொல்லித்தான் காசு வாங்கினவன். "ஸ்ரேசனில இறக்கிவிட்டு, 'இதில நில்லுங்கோ, இப்ப வாறன்' எண்டு போனவன்தான்" என்பார் மாமா. நிலையத்தில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் மலிவான அறை எங்கே? ஃபோபூர் சென் தெனியின் மேல் முனையில். லாச்சப்பல் எங்களுக்குக் கிடைத்த கதை இவ்வளவுதான். லண்டனுக்கு ஏற முடியாமல் நின்ற இடம்.

பிறகு நடந்ததை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். இரவு வேலைக்குப் போகிறவன் எழும்ப, பகல் வேலை முடித்தவன் அதே மெத்தையில் படுப்பான். அகதி விண்ணப்பத்துக்கு 'கேஸ் எழுதுற' ஒரு அண்ணை, மொழிபெயர்க்க ஒரு அண்ணை, சீட்டுப் பிடிக்க ஒரு அண்ணை. சீட்டுக் காசில் முதல் கடை. கடையில் முருங்கைக்காய், கருவாடு, வறுத்த மிளகாய்த்தூள், வாடகைக்கு வீடியோ கசெற், ஊருக்குக் கதைக்கத் தொலைபேசி அட்டை. யுத்த காலத்தில் எங்கள் அம்மம்மா நாவற்குழிப் பக்கம் ஷெல் விழுந்த செய்தியை லாச்சப்பலில் இருந்து வந்த கோலில்தான் அறிந்தாவாம், பத்து மைல் தள்ளி இருந்த வீட்டில் இருந்துகொண்டு. அந்த வீதிக்கு அப்படியொரு வேலையும் இருந்தது.

ஆனால் ஒரு விசயத்தை நான் அண்மையில்தான் விளங்கிக்கொண்டேன். லாச்சப்பலில் எங்கள் ஆக்களில் மிகப் பெரும்பாலானோர் குடியிருப்பதில்லை. மாமா இருப்பது லா கூர்னெவ்வில். மற்றவர்கள் பொபினி, சார்செல், பொண்டி என்று வடக்குப் புறநகர்களின் மாடிக் குடியிருப்புகளில். பாரிஸுக்குள் வீட்டு வாடகை கட்ட ஏலாது. வேலை செய்வது நகரத்தின் வேறு வேறு மூலையில் இருக்கிற உணவகக் குசினிகளில். ஞாயிற்றுக்கிழமை ரயில் எடுத்து லாச்சப்பலுக்கு வந்து, சாமான் வாங்கி, தலைமயிர் வெட்டி, நாலு பேரோடு நின்று கதைத்து, பை தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். மேல் மாடிகளில் யன்னலில் உடுப்புக் காயப்போட்டு வாழ்கிறவர்கள் வேறு ஆக்கள். அப்படியென்றால் 'எங்கட லாச்சப்பல்' என்பதில் எங்களுடையது எது? கடைப் பலகையும், ஞாயிற்றுக்கிழமையும்.

இதைச் சிறுமைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் வாழாமலேயே அதை உருவாக்கலாம் என்பதை எங்கள் சனம் செய்து காட்டியிருக்கிறது. மாணிக்க விநாயகர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் தொடங்கியது, 1996இல் இருந்து வருடா வருடம் ஓகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர் வீதிக்கு இறங்குகிறது. குவித்து வைத்த தேங்காய்களை நடுவீதியில் உடைப்பார்கள். ஆபிரிக்கக் கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள், பிரெஞ்சுக்காரர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள், நகரசபை தேர் போனபிறகு கூட்டித் துடைக்கும். அரசர்களின் பிரேதம் போன வீதியில் எங்கட பிள்ளையார் போகிறார். எனக்கு அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதே நேரம் ஒன்று தோன்றும்: இந்த வீதி இவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் இந்தத் தேர் போயிருக்குமா? யாருடையதும் இல்லாத வீதி என்பதால்தான் ஒரு நாளைக்கு எங்களுடையதாகிறது.

வீதி எல்லாவற்றையும் தாங்கவும் செய்தது. ஊரில் இருந்த துவக்கும் வந்து சேர்ந்தது. 1994 மே 1இல் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1996 ஒக்டோபர் 26இல் புலிகளின் செயற்பாட்டாளர்களான நாதனும் கஜனும் லாச்சப்பலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு சாவுக்கு வருடாவருடம் விளக்கு ஏற்றுகிறவர்கள் மற்றச் சாவைப் பற்றிக் கதைப்பதில்லை. மற்றச் சாவுக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. குர்தியருக்கும் இதே கதை. 2013 ஜனவரியில் வடக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று குர்தியப் பெண் செயற்பாட்டாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2022 டிசம்பரில், ஃபோபூர் சென் தெனியில் இருந்து பிரிகிற ஒரு குறுக்கு வீதியில், குர்தியப் பண்பாட்டு நிலையத்தை ஒட்டி இன்னும் மூவர். இந்த முறை சுட்டவன் வெளிநாட்டவரை வெறுக்கிற ஒரு பிரெஞ்சுக்காரன். எங்கள் கடைகளில் இருந்து இருபது நிமிட நடை. அந்தக் கிழமை எங்கள் முகநூல் பக்கங்களைத் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் பட்டதெல்லாம் மார்கழிக் குளிரும் கிறிஸ்மஸ் மலிவு விற்பனையும்.

இப்போது 2015க்கு வருகிறேன். அந்த வருடம் மே 24இல் 'தீபன்' படத்துக்குக் கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது. அல்லைப்பிட்டியில் பிறந்து, பாரிஸில் கோப்பை கழுவி, கதை எழுதிய ஷோபாசக்தி சிவப்புக் கம்பளத்தில் நின்றார். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆனாலும் ஞாபகம் இருக்கிறது; படத்தைப் பிடிக்காதவர்கள்கூடப் பெருமைப்பட்டார்கள். ஒரு அகதிக் குடும்பத்தின் கதையை உலகம் எழுந்து நின்று கைதட்டியது. சரியாக ஒன்பது நாள் கழித்து, ஜூன் 2இல், லாச்சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழ் மாதக்கணக்காகக் கூடாரம் அடித்துப் படுத்திருந்த சில நூறு பேரைப் பொலிஸ் கிளப்பியது. சூடானியர், எரித்திரியர். அவர்களில் கனபேர் போக நினைத்தது எங்கே தெரியுமா? லண்டனுக்கு. கலே வழியாக.

இதை மாமாவிடம் கேட்டேன். அந்தக் கூடாரங்கள் ஞாபகம் இருக்கிறதா என்று. "ஏன் இல்லை? நடக்க இடமில்லாமல் கிடந்தாங்கள். மூத்திர நாத்தம். கடைக்காரருக்குப் பெரிய நட்டம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "எங்கட ஆக்கள் சிலபேர் பின்னேரத்தில சோறு கொண்டுபோய்க் குடுத்தவை, அதையும் சொல்லவேணும்" என்றார். மாமாவின் நியாயம் இப்படித்தான், இரண்டு கையாலும் இழுக்கும். கடைக்காரரின் நட்டம் பொய் இல்லை. கடன் எடுத்து, சீட்டுப் பிடித்து, பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கடை நடத்துகிற ஒருவருக்கு வாசலில் கூடாரம் வந்தால் கோபம் வரும்தான். ஆனால் 1991இல் அவர் ஸ்ரேசனில் நின்றபோது, அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களும் அவரைப் பார்த்து இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? நேரில் கேட்டேன். சிரித்தார். முதல் அறை தந்த அல்ஜீரியக் கிழவர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கட கறி மணத்தில எனக்கு ஆக்கள் வருகினமில்லை" என்று சண்டை பிடிப்பாராம். அவர் 1950களில் வந்தவர்.

இதனால்தான் எனக்கு அந்தக் 'குட்டி யாழ்ப்பாணம்' என்ற பட்டத்தில் ஒவ்வாமை. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன, அது அவர்களுக்கு வசதி. ஒரு சொல்லில் ஒரு வீதியை முடித்துவிடலாம். லோரன்ஸ் வலனின் 2024ஆம் ஆண்டுப் படத்துக்கே 'லிட்டில் ஜஃப்னா' என்றுதான் பெயர். லாச்சப்பலில் பிறந்து வளர்ந்த பெடியளின் உலகத்தை வெளியாளின் இரக்கம் இல்லாமல் காட்ட நினைத்த படம் அது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் நாங்களே அந்தப் பட்டத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு திரியும்போது, வீதியின் மற்ற முகங்கள் எல்லாம் கூகுள் படத்தில் போல மங்கிப்போகின்றன. புதுச்சேரிக்காரர் மங்குகிறார். பக்கத்துக் கடை வங்காளி மங்குகிறார். பாலத்தடியில் படுத்தவர் மங்குகிறார். கடைசியில் எங்கள் பலகை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குட்டி யாழ்ப்பாணம் என்றால் எந்த யாழ்ப்பாணம்? மாமா விட்டுவிட்டுப் போன 1991இன் யாழ்ப்பாணமா? அந்த யாழ்ப்பாணத்தில் சோனக தெரு காலியாகக் கிடந்தது. 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் நகரத்து முஸ்லிம்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். ஒஸ்மானியாக் கல்லூரி, பள்ளிவாசல்கள், தையல் கடைகள், இரும்புக் கடைகள், எல்லாம் திறந்தபடி கிடந்தன. நூற்றாண்டுக் கணக்காக அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு ஒரு பகலில் 'இது உங்கட இடம் இல்லை' என்று சொல்லப்பட்டது. நான் பிறந்தது அதற்குக் கன வருசம் கழித்து. எங்கள் பாடப்புத்தகத்தில் இது இல்லை. கம்பஸுக்கு வந்து, புத்தளத்தில் வளர்ந்த ஒரு நண்பி தன் உம்மாவின் வீட்டுச் சுவரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் சோனக தெருவுக்குள் முதல்முறை போனேன். யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்த நான், அந்த வீதியைப் பார்க்க முதலே லாச்சப்பலின் கடைப் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

இரண்டையும் ஒரே தராசில் போடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். லாச்சப்பலில் யாரும் யாரையும் துவக்கு முனையில் கிளப்பவில்லை. மாமாவின் புறுபுறுப்பு வெறும் புறுபுறுப்புத்தான். நான் சொல்லுவது 'எங்கட' என்ற சொல்லைப் பற்றி. ஒரு வீதிக்கு முன்னால் அதைப் போடும்போது, பின்னால் ஒரு 'உங்கட இல்லை' ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊரில் இது எதில் போய் முடிந்தது என்று கண்ட தலைமுறை, வெளிநாட்டில் யாருடையதும் இல்லாத ஒரு வீதியின் தயவில் பிழைத்த தலைமுறை, அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகப் பாவிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் எங்களுக்கு வீடு தர மறுத்த கதைகளைச் சொல்லும்போது நாங்கள் எவ்வளவு கோபப்படுகிறோம்?

இதில் கனக்கப் பகுதியை எழுதிய பிறகு மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேசுவார் என்று நினைத்தேன். தேர்ப் பகுதியில் "ஓமோம்" என்றார். சென் லசார் சிறையைப் பற்றி, "முப்பது வருசமா அதால போறன், எனக்குத் தெரியாது" என்றார். சோனக தெருவுக்கு வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், நிற்கவில்லை.

"அங்க ஒரு தையல் கடை இருந்தது" என்றார் பிறகு. "அந்தக் கிழமைதான் இரண்டு காற்சட்டைக்குத் துணி குடுத்தனான். வியாழக்கிழமை வா எண்டு சொன்னவர். நான் போகேக்க கடை திறந்து கிடந்தது, ஒருத்தரும் இல்லை. என்ர துணி வெட்டினபடி மேசையில கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வந்திட்டன்." கொஞ்சம் பொறுத்து, "தையல்கூலி குடுக்கேல்லை. முற்பணமும் வாங்காத மனிசன்" என்றார்.

அவர் திரும்பி வந்தவரோ என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். போன சனிக்கிழமை நண்பியோடு போனேன். மாமா சொன்ன மூலையில் இப்போது பூட்டின இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது. பள்ளிவாசலடியில் இருந்த ஒரு வயதான ஐயா, அந்த வரிசையில் மூன்று தையல்காரர் இருந்தவை, நீங்கள் யாரைக் கேட்கிறியள் என்றார். மாமாவுக்குப் பெயர் தெரியாது. கண்ணாடி போட்டவர், இடது கையால் வெட்டுறவர் என்று மட்டும்தான் சொன்னவர். ஐயா யோசித்தார். இடது கைக்காரர் ஒராள் இருந்தவர், அவர் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார், மகன் இருக்கிறான், நம்பர் எடுத்துத் தாறன் என்றார். இன்னும் தரவில்லை. நாளைக்குத் திரும்பப் போகிறேன்.